இரண்டு பூச்சியங்களுக்காக வாதாடினேன்

சென்ற செவ்வாய்க்கிழமை, ராவாங்கில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில், என் உரை ஒன்று ஒலிபரப்பானது. மேடை இல்லை. மாலை இல்லை. அவை என்று சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர் — முகப்பு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த நளினி என்ற அதிகாரி.

உரை முடிந்ததும் அவர் கணினியின் ஒலியைக் குறைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அக்கா... இது நீங்கதானே?"

நான்தான். மறுக்க வழியில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியும். பள்ளிக் காலம் தொட்டு மேடையேறிப் பேசுகிறவள். எதிரணியின் வாதத்தை மூன்றாகப் பிளந்து, மூன்றையும் முறியடித்து, மணி ஒலிக்கும் நொடியில் முத்தாய்ப்பு வைக்கக் கற்றவள். அந்தக் குரலே ஒரு நாள் எனக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும் என்று யார் நினைத்தது?

முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகப்போகிறது. கணவர் சரவணன் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எனக்கு ராவாங்கில் அலுவலக வேலை. குடியிருப்பது கோல சிலாங்கூரில், என் பெற்றோர் வீட்டில். வெள்ளிக்கிழமைப் பேருந்து அவரைக் கொண்டுவந்து இறக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து ஏற்றிக்கொண்டு போகும்.

அவர் வந்ததும் என் தங்கை தலையணையைத் தூக்கிக்கொண்டு அறையைக் காலி செய்வாள். "மாமா வந்துட்டாரு. எனக்கு ஹாலுக்கு டிரான்ஸ்ஃபர்லா," என்று அறிவித்துவிட்டுத்தான் போவாள். வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார் — விருந்தாளி சிரிப்பதைப் போல.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமுவது கேட்கும். இந்தப் பக்கம் நாங்கள் குசுகுசுப்போம். பேச்சையே உயிராகக் கொண்ட ஒருத்தி, குசுகுசுத்தே குடும்பம் நடத்த வேண்டியிருப்பது எவ்வளவு கொடுமை, சொல்லுங்கள்.

அதனால்தான் வீடு வேண்டும் என்று தவித்தோம். சரவணனின் நிறுவனத்துக்கு ராவாங்கில் ஒரு கிளை உண்டு. எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தால் மாற்றல் கேட்டுக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வீடு அமைந்தது. ஒற்றை மாடி வரிசை வீடு. வரிசையின் மூலையில் இருப்பது. பட்டணத்தில் உணவகம் நடத்தும் ஜமால் பாய்க்குச் சொந்தம். சபாக்கில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போவதால் விற்கிறார்.

நாங்கள் பார்க்கப் போன சனிக்கிழமை, தொழுகை நேரம் வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் நிதானமா பாத்துக்கிட்டு இருங்கம்மா. நான் தொழுதுட்டு வந்து கதவப் பூட்டிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பாய் பள்ளிவாசலுக்குப் போனார்.

காலி வீடு. சரவணன் அறை அறையாக நடந்தார். சமையலறைச் சன்னலைத் திறந்தார். மூடினார். மீண்டும் திறந்தார். பிறகு கூடத்துத் தரையில் என் மடியில் தலைவைத்துப் படுத்தார். பேருந்துக் களைப்பில் அப்படியே உறங்கிப்போனார்.

திருமணத்துக்குப் பிறகு, ஒரு கூரையின்கீழ் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தது அதுதான் முதல்முறை. சன்னல் வழியாகக் காற்று வந்தது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. என்னை அறிந்தவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

பாய் திரும்பி வந்தபோது வாசலில் செருப்பைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழற்றினார். நல்ல மனிதர். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன்மா," என்றார்.

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தோம். வங்கி மறுத்துவிட்டது. காரணம்? என் கடன் அறிக்கை.

அந்த அறிக்கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மாதத்துக்கு ஒரு கட்டம். தவணையைக் கட்டியிருந்தால் அதில் பூச்சியம். ஒரு மாதம் பாக்கி என்றால் ஒன்று. இரண்டு மாதம் பாக்கி என்றால் இரண்டு. வரிசையாகப் பூச்சியம் வாங்குபவரே அங்கே சிறந்த மாணவர். என் காருக்கான கடன் வரிசையில் ஒரு 'ஒன்று'ம் ஒரு 'இரண்டு'ம் கம்பீரமாக நின்றன. ஆயுள் முழுதும் புள்ளிகளுக்காகப் போராடிய நான், பூச்சியம் வாங்கத் தவறித் தோற்றுப்போனேன்.

எப்படி நேர்ந்தது? என் கார்த் தவணை ஆட்டோ டெபிட்டில் போகும். அதாவது, மாதந்தோறும் நிதி நிறுவனமே என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இவ்வாண்டு அந்த நிறுவனம் தன் கணினி முறையை மாற்றியபோது, எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் கொடுத்திருந்த ஒப்புதல் புதிய முறைக்குப் போய்ச் சேரவில்லை. பணம் கணக்கில் இருந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன்! கணக்கில் பணம் கூடியிருந்ததைப் பார்த்து, வீட்டுக்காகச் சிக்கனம் பிடித்ததன் பலன் என்று பூரித்தேன். சரவணனிடம் தொலைபேசியில் பெருமையடித்தேன்.

"கடையில டீ குடிக்கிறத நிறுத்துனதுக்கா இவ்வளவு ஏறிச்சு?" என்றார்.

"ஆமா," என்றேன்.

தானாக நடக்கிறது என்று நம்பிவிட்ட எதையும் நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சரி... நிதி நிறுவனம் ஒரு முறையாவது அழைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அழைத்தது. என் வீழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, எங்கள் கோயில் மண்டபத்தில் தொலைபேசி மோசடி பற்றிப் பேசியிருந்தேன். "அறியாத எண் அழைத்தால் அஞ்சாதீர்கள். நம்பாதீர்கள். கேள்வியை அவர்கள் பக்கமே திருப்புங்கள்," என்று முழங்கினேன். கைதட்டல் ஓய நேரமானது. அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே ஓர் அறியாத எண் என்னை அழைத்தது.

"வணக்கம்க்கா. உங்க கார் லோன் தவணைக் கட்டு போன மாசம் வரலக்கா. எப்பக் கட்டுவீங்க?"

இளைஞன் குரல். தமிழ். அந்தத் தமிழ்தான் என் சந்தேகத்தை உறுதிசெய்தது. இப்போதெல்லாம் மோசடிக்காரர்கள் நம் மொழியிலேயே வருகிறார்கள் என்று மண்டபத்தில் நானே சொல்லியிருந்தேன் அல்லவா?

தொடங்கினேன். "தம்பி, உன் தாய் உனக்குத் தமிழ் ஊட்டியது தமிழரை ஏமாற்றுவதற்கா? என் தவணை மாதந்தோறும் என் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படுகிறது. அதற்கான பணம் அங்கே இருக்கிறது. உன் கையில் ஒரு வெள்ளிக் காசும் கொடுக்க மாட்டேன், இன்றல்ல, என்றுமே..." என்று தொடங்கி, இளைஞர் சமுதாயத்தின் சீரழிவு வரைக்கும் போனேன். "அக்கா, ஒரு நிமிசம்க்கா" என்று அந்தத் தம்பி நடுவில் கெஞ்சுவது ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கிறது. நான் இடம் கொடுக்கவில்லை. குறுக்கீட்டுக்கு இடம் கொடுக்காதது என் பயிற்சி.

அழைப்பு முடிந்ததும் அவர் தன் திரையில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். 'கட்டுவதாகச் சொன்னார்', 'அழைப்பை எடுக்கவில்லை', 'கட்ட மறுக்கிறார்' — இவ்வளவுதான் வாய்ப்புகள். அவர் மூன்றாவதை அழுத்தினார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை அழுத்தியிருப்பீர்கள்?

வங்கி மறுத்த அன்றே பாக்கியைக் கட்டிவிட்டேன். ஆனால் கட்டிவிட்டால் மட்டும் பழைய எண்கள் மறைவதில்லை. அவற்றை எதிர்த்து முறையாக மறுப்புத் தெரிவிக்க வேண்டும்.

மறுப்பா? என் பிறவிக் கலை ஆயிற்றே!

இணையப் படிவத்தைத் திறந்தேன். 'விளக்கம்' என்றொரு சிறு பெட்டி. நீதியின் மாண்பிலிருந்து ஆரம்பித்தேன். என் முன்னுரை முடிவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. இனி ஓர் எழுத்தும் ஏறாது என்று நின்றது. அழித்து அழித்துச் சுருக்கினேன். கடைசியில் மிஞ்சியது இது: 'பணம் என் கணக்கில் இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை.' வங்கிக் கணக்கின் நகலை இணைத்து அனுப்பினேன்.

பாதி வெற்றி. 'ஒன்று' தங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். 'இரண்டு' நிற்கும் என்றார்கள் — வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவித்த பிறகும் கட்ட மறுத்ததால்.

அதற்காகத்தான் சென்ற செவ்வாய், விடுப்பெடுத்துக்கொண்டு நளினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் ஒலிப்பதிவைப் போட்டார்.

என் குரல் முழங்கிக்கொண்டிருந்தபோது, என் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அறியாத எண். துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தேன்.

"இன்னும் எடுக்க மாட்டீங்களாக்கா?" என்றார் நளினி.

"பழகிப்போச்சு," என்றேன்.

"கடன் வசூல் பிரிவுல எல்லாரும் இதக் கேட்டுட்டாங்களாம். தமிழ் தெரியாதவங்களும் கேட்டாங்களாம். நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம்."

பெருமைப்படுவதா, நாணுவதா? இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

நளினி பதிவைப் பின்னுக்கு ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். 'தானாகவே எடுக்கப்படுகிறது. அதற்கான பணம் அங்கே இருக்கிறது.'

"இது போதும்க்கா. கட்டு நின்னு போனதே உங்களுக்குத் தெரியலன்னு இதுலயே இருக்கு. நீங்க மறுக்கல. அவர நம்பல. ரெண்டும் வேற வேற. நான் மேல எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி வந்தது. 'இரண்டு'ம் பூச்சியமாகிவிட்டது. என்னைத் தோற்கடித்த உரையே என்னைக் கரையேற்றியது. வேலை முடிந்து ராவாங்கிலிருந்து நேராக ஜமால் பாயின் உணவகத்துக்குக் காரை விட்டேன். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. சன்னலுக்கு என்ன நிறத் திரை போடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாய் தானே டீ கொண்டுவந்து வைத்தார். எதிரே அமர்ந்தார்.

"செவ்வாக்கிழமையே பேசி முடிஞ்சிருச்சேம்மா. வேற ஒருத்தங்க டெபாசிட்டோட வந்து நின்னாங்க. உன்னக் கேக்காமக் குடுக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன். என் ஃபோன்ல சார்ஜ் இல்ல. கடை ஆளோட ஃபோன்ல ரெண்டு தடவ அடிச்சேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்ட."

"பாய், அது நீங்கன்னு எனக்கு..."

"கட் பண்ணா வேணாம்னுதானேம்மா அர்த்தம்? கடன் கெடைக்கல, சொல்லக் கூச்சப்படுறன்னு நெனச்சுட்டேன்."

அவரும் 'மறுக்கிறார்' என்பதையே அழுத்தியிருக்கிறார். இதற்கு மறுப்பு விண்ணப்பம் எங்கே கொடுப்பது? எந்தப் பெட்டியில் எழுதுவது?

டீயைக் குடித்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு கடையில் குடித்த டீ. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு சரவணன் வந்தார். குசுகுசுவென்று சொன்னேன். "ம்... பரவால்ல மலரு. வேற வீடு பாப்போம்," என்றார், அவரும் குசுகுசுவென்று.

சனிக்கிழமை காரில் அந்தத் தெரு வழியாக ஒரு முறை போனோம். நிறுத்தவில்லை. மூலை வீட்டின் பக்கவாட்டில் சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. இருவருமே பார்த்தோம். இருவருமே பார்க்காதது போல இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையம். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துவிட்டுத் திரும்பும் வெளியூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் ஊருக்கு எல்லாரும் ஜோடியாக வருகிறார்கள். ஜோடியாகவே திரும்பிப் போகிறார்கள்.

அவருக்காக ஓர் ஆறுதல் உரை தயாரித்து வைத்திருந்தேன். கடன் அறிக்கை இப்போது தூய்மை. விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பலாம். வீடுகளுக்கா பஞ்சம்? முன்னுரை, வாதங்கள், முத்தாய்ப்பு — அனைத்தும் ஆயத்தம். வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"போகாதீங்க."

ஓராண்டில், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில், அதைமட்டும் நான் சொன்னதே இல்லை.

சரவணன் பையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதத்தான் யாராவது ரெக்கார்ட் பண்ணியிருக்கணும்லா," என்றார்.

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.