முத்தின் துளைக்குள் ஒரு கோடு

ஒரு தோல் துண்டின் வெட்டு ஓரத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை செய்கிறேன். அன்று வந்திருந்த துண்டில் மேலே பளபளவென்று ஒரு படலம், அடியில் பஞ்சு போல நார், நடுவே தெளிவாக ஒரு கோடு. கோடு தெரிந்தால் கோட்டிங்; மட்டமான தோலின் மேல் பூசிய பிளாஸ்டிக். நல்ல தோலில் நார் மேலே போகப் போக இறுகிக்கொண்டே வந்து, எங்கே முடிகிறது என்று காட்டாமல் முடியும். எங்கள் ஊர்க்காரர்கள் கையில் பர்ஸைக் கொடுத்துப் பாருங்கள். திறக்கும் முன் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு எந்தப் பைத்தியமும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அந்த வாரம் முத்து. சம்பளத்தில் ஒரு கடல் முத்துமாலை வாங்கலாம் என்று கிளம்பி, கண்டதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். சிப்பி ஓட்டைக் கடைந்து ஒரு மணி செய்து உயிருள்ள சிப்பிக்குள் வைக்கிறார்கள். சிப்பி அந்த மணியின் மேல் படலம் படலமாகச் சுரந்து மூடுகிறது. உள்ளே மணி, வெளியே முத்து. ஆகவே, வளர்த்த கடல் முத்தில் துளையிட்டால், துளைக்குள் ஒரு கோடு தெரியும்.

கோடு தெரியும்.

லென்ஸ் கையிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் அன்றைக்கு அப்பா பார்த்தது என்ன?

அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தவர். கூட வேலை செய்த பெண்களோடு ஐதராபாத் டூர் போனபோது, போனஸ் பணத்தில் ஒரு ஜோடி முத்துக் கம்மல் வாங்கி வந்தார். தனக்கென்று அவர் கடையேறி வாங்கியதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் பள்ளியில் படிக்கும்போது, ஒரு வளைகாப்பில் கை கழுவும் இடத்தில் ஒரு கம்மலின் முத்து தண்டிலிருந்து கழன்று விழுந்தது. பொறுக்கி எடுத்தவர் அப்பா. டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் இருக்கும். பந்தி நடுவே நின்று துளைக்குள் பார்த்தார்.

"இன்னா இது, மேல ஒரு லேயர், உள்ள ஒரு லேயர். கோடு நல்லா தெரியுது. கோட்டிங் மால், பூசின சரக்கு."

அத்தை விடுவாரா? "ஏன் அண்ணி, அவ்ளோ தூரம் போயி பெயின்ட் அடிச்ச மணியா வாங்கினு வந்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். "கடைக்காரரு பல்லுல தேச்சுக் காட்டினாரே" என்றார் அம்மா, மெதுவாக.

"பல்லுல தேச்சா இன்னா, நாக்குல வச்சா இன்னா? ஓரம் பொய் சொல்லாது" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கம்மலைப் போடவில்லை. வேறு கம்மலும் வாங்கவில்லை. காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொள்வார். அவர் இறந்த பிறகும் அந்தத் துண்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில், தலையணை உறைக்குள், ஒருமுறை உப்பு ஜாடியின் மூடிக்கு அடியில். வீட்டைப் பெருக்கி முடித்த மறுநாளும் ஒன்று கிடைக்கும்.

அன்று மாலை பீரோவிலிருந்து அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்தேன். அதில்தான் அந்தக் கம்மல் கிடந்தது. கழன்ற முத்தைப் பல்லில் தேய்த்தேன். அசல் முத்து நரநரக்கும் என்று படித்திருந்தபடியே, மிக நைசான மணல் போல நரநரத்தது. துளைக்குள் கோடு இருந்தது. ஆனால் கோடு மட்டும் போதாது. போலி முத்திலும் மணியின் மேல்தானே பூசுகிறார்கள்?

சந்தேகத்தோடு வேலூருக்குப் போய் ஒரு முத்துக் கடையில் உட்கார்ந்தேன். கடல் முத்து என்று மாலை மாலையாக எடுத்துப் போட்டார் கடைக்காரர். நான் ஒவ்வொன்றிலும் துளையைப் பார்த்தேன்.

"மேடம், முத்து வாங்க வந்தீங்களா, ஓட்டையை எண்ண வந்தீங்களா?"

"இதுல கோடே இல்லையே சார். உள்ளே வெளியே ஒரே மாதிரி இருக்கு. நன்னீர் முத்துதானே?"

"அதுவும் அசல்தான் மேடம்" என்றார், குரல் கம்மியாகிவிட்டது.

அசல்தான், ஆனால் கடலில் விளைந்ததல்ல; பெரும்பாலும் உள்ளே மணி வைக்காமல் வளர்ப்பது. அதில் ஒன்றை உதிரியாக வாங்கினேன். கூடவே போலி மணி ஒன்று. பல்லில் அது வழுக்கியது. துளையின் வாயில் பூச்சு சுவர் பெயின்ட் போலப் பொருக்குத் தட்டி நின்றது. பிறகு அம்மாவின் முத்தைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதோட ஜோடி இருக்குதா? விக்கிறீங்களா?"

விற்கவில்லை என்றேன். "பாத்தா கடல் முத்தாத்தான் தெரியுது. ஆனா நான் சொன்னா பேச்சு. சென்னையில லேப்ல எக்ஸ்ரே எடுத்தா எழுத்துல குடுப்பாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், மூடிய கைக்குள் முத்து சூடேறிக்கொண்டே வந்தது. முன் இருக்கையில் ஒரு அம்மா. அவர் காதில் ஈர்க்கு. பள்ளிகொண்டாவில் அவர் இறங்கிப் போகிற வரைக்கும் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றையும் லென்ஸையும் அவர் முன்னால் வைத்தேன். அம்மாவின் முத்து எது என்று கேட்காமலே அதை எடுத்தார்.

"கோடு இருக்குதே."

"இருக்கணும்ப்பா. கடல் முத்துல உள்ள மணி வச்சு வளர்க்கறாங்க."

"பெயின்ட்லயும் கோடு வரும்."

"துளையோட வாயைப் பாருங்க. போலியில உரிஞ்சிருக்கு, இதுல உரியல."

நெடுநேரம் பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலே, போலியைப் பல்லில் தேய்த்தார். அடுத்து அம்மாவினுடையதைத் தேய்த்தார். டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னாங்கப்பா. பல்லுல தேச்சதைச் சொன்னாங்க."

அப்பா சிமிழைக் கேட்டு வாங்கினார். முத்தைச் சிமிழில் போட்டு, சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லென்ஸ் இருந்த பை அது.

மறுநாள் காலை சட்டையை மாற்றியவர், சிமிழையும் மாற்றி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டார்.

"லேப்புக்கு எப்போ போற?"

"சனிக்கிழமை."

"நானும் வர்றேன். இன்னொன்னையும் தண்டுலேர்ந்து எடுக்கச் சொல்லு, அதையும் பாக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "பேப்பர்ல பேரு கேட்டா அவ பேரைக் குடு."

எக்ஸ்ரேயில் வேறு மாதிரி வந்தால் என்ன செய்வது என்று இருவருமே பேசவில்லை. சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். என் முத்துமாலை இருக்கட்டும். லேப் முடிந்ததும் இரண்டு முத்தையும் புதுத் தண்டில் ஒட்டி வாங்க வேண்டும். கம்மல் போடுவதை நான் விட்டு வெகுநாளாகிறது. வலது காதுத் துளை பாதி தூர்ந்துவிட்டது. நேற்று கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் கிடைத்த ஈர்க்கை அதில் செருகியிருக்கிறேன்.