பெரிய இலையும் கடைசிச் சல்லடையும்

கேளம்பாக்கத்தில் பஸ் மாறுகிறேன். கிருத்திகைக்குத் திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போகிற வழி. எதிரே இருக்கிற டீத்தூள் கடைக்குள் கால் தானாகப் போகிறது. இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற என் ஓரகத்தி மாலதி இங்கேதான் வாங்குகிறாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடிக்கிறார். நான் போட்டால் பாதியை வைத்துவிடுகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

"அண்ணா, கண்ணாடி போட்டுகிட்டு ஸ்கூட்டியில வர்ற மாலதி எந்தத் தூள் வாங்குறா?"

"டஸ்ட் தூள், அக்கா. சலிக்கும்போது எல்லாத்துக்கும் கீழ விழுறது."

மனசு குளிர்கிறது. "கடைசி ரகமா? நான் பெரிய இலையாப் பார்த்து, விலை ஜாஸ்தி குடுத்து வாங்குறேன்!"

"பால் ஊத்திக் கொதிக்க வைப்பீங்களா?"

"ஆமாம்."

கடைக்காரர் சிரிக்கிறார். "அப்ப வெளுத்துத்தான் இருக்கும். சல்லடை பிரிக்கிறது அளவைத்தான்க்கா, தரத்தை இல்ல. பெரிய இலை வாசனைக்கு, பால் இல்லாமக் குடிக்கணும். பொடிசுலதான் கலரும் ஸ்ட்ராங்கும் சட்டுனு இறங்கும். பால் டீக்கு அதுதான்."

குளிர்ந்த மனசு மறுபடி கொதிக்கிறது. கால் கிலோ டஸ்ட் வாங்கி, பைக்குள் அர்ச்சனைத் தேங்காய்க்கு அடியில் வைக்கிறேன்.

"நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணா."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. வூட்டாளுங்க யாராவது கேட்டா, என்ன வாங்குறேன்னு சொல்லிடாதீங்கன்னு."

பஸ் வருகிறது. முருகா, பிள்ளைகள் படிப்புக்கு வேண்டிக்கொள்ளத்தான் கிளம்பினேன். இன்றைக்கு அந்த இரண்டாவது டம்ளரைத்தான் முதலில் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதே.