குண்டூசியில் துடித்த அந்துப்பூச்சி

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒருவர் பூச்சிகளைக் கண்ணாடிச் சட்டத்தில் குத்தி விற்றார். சாந்தமான முகம். பேசும்போதெல்லாம் விரலில் ஒட்டிய இறக்கைப் பொடியைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒரு காட்டு வண்ணத்துப்பூச்சி. பக்கத்திலேயே அதைவிடப் பளபளப்பான அந்துப்பூச்சி. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணே?" என்றேன்.

"வண்ணத்துப்பூச்சி நெஞ்ச அமுக்குனா உடனே போயிரும் பாஸ். அந்துப்பூச்சிக்குத் தடிச்ச உடம்பு லா, ஊசியில மருந்து ஏத்தித்தான் கொல்லணும்."

குண்டூசியில் அந்துப்பூச்சி இன்னும் இறக்கையடித்தது.

"இது இன்னும் உயிரோட இருக்கே அண்ணே!"

"கையில மருந்து தீந்துபோச்சு. சாயங்காலம் தானா அடங்கிரும். பயப்படாதீங்க பாஸ், கலர் போகாது."

கலருக்காகத்தான் நான் பதறினேன் என்று அந்த ஆள் உண்மையாகவே நம்பினார். அந்தச் சாந்தமான முகத்தில் ஓங்கி அறைய இன்றும் கை துடிக்கிறது.