கடை வாசலில் எடுத்த முதல் படம்

போன் பழுது பார்க்கும் அந்த மனிதருக்குத் தெருவில் பத்திரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த போனோ, லாரிச் சக்கரத்தில் நசுங்கிய போனோ, எதுவாக இருந்தாலும் சரிசெய்து கையில் கொடுக்கும்போது "உள்ள இருந்ததெல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக் கொடுப்பார். சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. அவர் மனைவிக்கு மட்டும் அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஊரார் கல்யாணப் படமெல்லாம் பத்திரம், நம் வீட்டுச் சாவி எங்கே என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்பார்.

அதைக் கடை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கிடைத்த இடம். உள்ளே நுழையும் எல்லோரும் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்வார்கள். அவரும் இத்தனை வருஷமாக இடித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு மேஜை, கழுத்து வளையும் விளக்கு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூக்கள் உருண்டு ஓடாமல் ஒட்டிவைக்க ஒரு காந்தத் தகடு, எந்நேரமும் சூடான பசையின் நாற்றம். வாசலுக்கு மேலே போர்டு மட்டும் பெரிது. கடையைப் போர்டுக்குள் வைத்திருக்கலாம் என்று பக்கத்துச் சாவிக் கடைக்காரர் கிண்டலடிப்பார். தெருப் பெயரும் போன் நம்பரும் எதிர்ச்சாரியிலிருந்தே படிக்கலாம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பஸ் டிரைவரின் போனைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் சரிசெய்தார். மறுநாள் டிரைவர் வந்து, இறந்துபோன மனைவி பேசி அனுப்பிய குரல் செய்திகள் அதில் இருந்தன என்றார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான், இனி யாருடைய போனிலிருந்தும் ஒரு துரும்பைக்கூட இழக்கப்போவதில்லை என்று. அழித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளரே சொன்னாலும் அழிக்க மாட்டார். கோபத்தில் சொல்வார்கள், ஆறு மாதம் கழித்து வந்து அழுவார்கள், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று என்பது அவர் கட்சி. அவர் சொன்னபடியே வந்து அழுதவர்களும் உண்டு. அதனால் அந்தப் பிடிவாதம் நாளுக்கு நாள் முற்றித்தான் போயிற்று.

நாணயமான மனிதர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கும் புத்தி கிடையாது. படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தால் ஒன்றே ஒன்றைத் திறப்பார், அதையும் அரைக்கண்ணால்தான் பார்ப்பார். ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றுவது என்றால் பார்க்காமல் இருப்பது, வெளியில் பேசாமல் இருப்பது, கேள்வி கேட்காமல் இருப்பது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்மேல் ஆத்திரமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஒரு மத்தியானம் அந்த லாண்டரிப் பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி ஒன்று இருக்கிறது. அங்கே அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூடவே முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை. அது ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்டூலில் ஏறியது, காந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தது, தலை இடிக்காத உயரம் என்பதால் படிக்கட்டின் அடி மூலைவரைக்கும் போய்வந்தது. அவள் ஒரு பழைய போன் விலைக்குக் கேட்டாள். தன்னுடைய போனை, சிம் இல்லாமல் அணைத்து, ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணா, இதுல பாப்பா பொறந்ததுலேர்ந்து எடுத்த படம் இருக்கு. அது மட்டும் போதும். வேற பழசு எதுவும் வரக்கூடாது. புதுப் போன் யாரோடதுன்னு அந்தப் போனுக்கே தெரியக்கூடாது."

பத்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா, நீ உக்காரு" என்றார்.

இரண்டு போன்களையும் ஒரு வயரால் இணைத்தார். எல்லாவற்றையும் மாற்றவா, வேண்டியதை மட்டும் மாற்றவா என்று திரை கேட்டது. கேள்வி அவளுடையது. பதிலையும் அவள் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் விரல் பழகிய இடத்துக்கே போயிற்று. படங்களோடு அவளுடைய பழைய அக்கவுண்டும் புதுப் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி எடுக்கும் படமெல்லாம் அந்த அக்கவுண்டில் தானாகப் போய்ச் சேரும் வசதியும் கூடவே வந்தது. அதை அவர் கவனிக்காமல் இல்லை. இருக்கட்டும், நாளைக்கு இந்தப் போனும் உடைந்தால் படங்களாவது மிஞ்சும் என்று விட்டுவிட்டார். அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் புரியாமல் பயந்துகொள்வாள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார்.

கைரேகை பதியும்போது அவளுடைய ஆள்காட்டி விரலைப் போன் ஏற்கவில்லை. விரல் நுனி முழுக்க வழவழவென்று தீக்காயத் தழும்பு. இஸ்திரிப் பெட்டி சுட்டதா என்று கேட்டார். வேலையில் பட்டதில்லை என்றாள். அதற்குமேல் கேட்பது அவர் வழக்கமில்லை. வேறு விரலை வைக்கச் சொன்னார்.

கடைசியாக அவர் எல்லோருக்கும் செய்வது ஒன்று உண்டு. கேமரா ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, வாடிக்கையாளரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி அவர்கள் போனிலேயே ஒரு படம் எடுப்பார். முதல் படம் என் கையால் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. பின்னால் போர்டும் முழுசாக விழும். அவள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். பிடிக்கவில்லை என்றால் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டைப் பல்லைக் காட்டியது. அவளும் சிரித்துவிட்டாள். படம் நன்றாக வந்திருந்தது. அழிக்க மனம் வராமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர்ந்தாள். கடையைத் தாண்டிப் போகும்போது முதலில் தலையை மட்டும் அசைத்தவள், பிறகு நின்று இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, சீருடையோடு கேட்டுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தை ஓடிவந்து காட்டினாள். வாடகை அறையின் ஜன்னல், லாண்டரியில் மலைபோல் அடுக்கிய வெள்ளை விரிப்புகள், வேலை முடிந்து வாசலில் தாயும் மகளும் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்தது என்று தினமும் ஒன்று. முன்பெல்லாம் படம் எடுக்கவே பயமாக இருக்கும், இப்போது எடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். பத்திரத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நல்ல கேமராவாகப் பார்த்துக் கொடுத்தது நான்தான் என்று வீட்டில் போய் மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

மழை விட்டிருந்த ஒரு மாலையில் கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இறங்கி வந்தவர் மடிப்புக் கலையாத சட்டையும் மெல்லிய குரலுமாக இருந்தார். முதல் தடவையிலேயே சரியாகக் குனிந்து, தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு டேப்லெட். திரைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்றார். பத்திரம் அதை வாங்கி மெல்லிய துணியால் துடைத்தார். துடைத்ததில் திரை விழித்துக்கொண்டது. திரையில் அவருடைய கடை தெரிந்தது. போர்டு, போர்டுக்குக் கீழே லாண்டரிப் பெண், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பாப்பா.

"அழகா எடுத்திருக்கீங்க சார்" என்றார் வந்தவர். "என் மனைவிதான். அவளோட போன் அக்கவுண்டை நான்தான் ஆரம்பிச்சுக் கொடுத்தேன், இந்த டேப்லெட்லயும் அதுதான் இருக்கு. வீட்டை விட்டுப் போனவ எங்க போனான்னே தெரியல, தேடாத இடமில்ல. ஒருநாள் இது வந்து விழுந்துது."

விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். பள்ளிக்கூட கேட், அதில் பள்ளியின் பெயர். ஜன்னல், ஜன்னல் வழியே தெரியும் தெருமுனை. லாண்டரி வாசல். ஒவ்வொன்றுக்கும் கீழே நாளும் நேரமும். பத்திரம் துணியைக் கீழே வைத்தார். இவர்களை எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். வந்தவர் புன்னகையோடு கையமர்த்தினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். உங்ககிட்ட விசாரிக்க வரல. அவ வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, அதுக்குள்ள இதை ஒட்டிக்கலாம்னு வந்தேன்."

பத்திரம் வெளியே பார்த்தார். காரின் பின்சீட்டில் சீருடையோடு குழந்தை இருந்தது. ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அந்த விரலில் எங்கே, யாரால் சூடு பட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த அளவுக் கண்ணாடி பக்கத்துக் கடையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று எதையோ உளறிவிட்டு வெளியே வந்து ஓடினார். ஓடிக்கொண்டே அவளுக்குப் போன் போட்டார். வேலை நேரத்தில் போன்களைப் பூட்டிவைப்பது லாண்டரி வழக்கம், மணி அடித்து அடித்து நின்றது. போலீசைக் கூப்பிட்டார். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பெற்ற தகப்பன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனதில் என்ன குற்றம், நீங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு, நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்றார். பத்திரம் போனை வைத்துவிட்டார். தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதி, திட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்.

லாண்டரி மேற்பார்வைக்காரம்மா முதலில் அவரை உள்ளேயே விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளனுப்பினாள். ஆவிப் புகைக்குள்ளிருந்து அந்தப் பெண் பாதி மடித்த விரிப்போடு வந்தாள். பத்திரம் மூச்சு வாங்கிக்கொண்டு கோர்வையில்லாமல் சொன்னார். பழைய அக்கவுண்டை நான்தான் விட்டுவைத்தேன், நீ எடுத்த படமெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, வந்துவிட்டார். அவள் கத்துவாள், கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தார். அறைந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"பாப்பா?" என்றாள்.

"வண்டியில இருக்கா."

அவள் விரிப்பின் மீதி மடிப்பையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். பின்வாசல் வழியாகப் போய்விடலாம், என் வீட்டில் மனைவி இருக்கிறாள், போலீசில் எழுதிக் கொடுக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்வது எதுவும் நடக்காது என்பது சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.

"நான் ஓடிட்டா அவ தனியா போவா" என்றாள். "எனக்குக் கெடைச்சதெல்லாம் அவளுக்குக் கெடைக்கும்." பிறகு அவரை நேராகப் பார்த்தாள். "படம் மட்டும் போதும்னு சொன்னேனே அண்ணா. என்ன நெனச்சு மத்ததெல்லாம் வச்சீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நல்லதுக்குத்தான் என்று தொடங்கியவர் அதை முடிக்காமல் வாசல் பக்கம் திரும்பினார்.

கார் வாசலுக்கு வந்திருந்தது. கணவர் இறங்கி, அவளுக்காக முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போகிற யார் பார்த்தாலும் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அவள் முன்கதவுப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர் அதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"சாருக்கு ஒரு நன்றி சொல்லு. அவர் இல்லேன்னா நாம மறுபடி சேர்ந்திருப்போமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத கடைக்காரரைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நன்றிங்க" என்றாள்.

வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லும்போதெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய் அது. பத்திரம் தடுப்பதற்குள் சொல்லிவிட்டது:

"பரவாயில்லம்மா."