இடி வெட்டிய மறுநாள் பெட்டியை விளித்தது

பிள்ளைகளே, அப்பாவின் வேலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது, "அப்பா போர்டு அடிக்கிறார்" என்று எழுதி வைத்தீர்கள். சரிதான். மார்த்தாண்டத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போர்டு அடிக்கிறவன்தான் நான். ஆனால் அந்தக் கடைக்குள் ஒரு நாள் நான் கண்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான் டிசைன் செய்வேன். ஒன்று முதலாளிக்கு, பில் போட. மூன்றாவதற்குத் திரையே கிடையாது. படம் காட்டுகிற பகுதி கெட்டுப்போய், சரிசெய்ய ஆளில்லாமல், மேசைக்கு அடியில் வெறும் கறுப்புப் பெட்டியாக இருக்கும். ஆனால் நாங்கள் அடித்த போர்டுகளின் படங்கள் எல்லாம் அதற்குள்தான். என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால், அந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் வயர் வழியாக என் முன்னால் வந்து நிற்கும். அப்படி அமைத்துத் தந்தவன் என்னோடு வேலை பார்த்த கூட்டுக்காரன். அவன் அந்த வருடம் கல்ஃபுக்குப் போய்விட்டான்.

ஐப்பசியில் பெய்கிற துலாமழைக் காலம். மலைப்பக்கம் ஒரு முழக்கம் கேட்டால் நம் ஊரில் வீடானாலும் கடையானாலும் வயரை உருவ ஓடுவோமே, முந்தின நாள் சாயங்காலம் நாங்களும் அப்படித்தான் ஓடினோம். இன்டர்நெட் பெட்டி வரை ஒன்று விடாமல் உருவிப் போட்டோம். காலையில் வந்து கைக்கு வந்ததை வந்தபடி மாட்டினேன். எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்தேன்.

மதியத்துக்குச் சற்று முன்பு ஒரு பெண் வந்தாள். சிதறால் மலைக்குக் கீழே வீடு. தலை வாரவில்லை, அழுத முகம்.

"அண்ணா, எங்க அம்மை காலம்பற தவறிட்டாவ. நாலு மணிக்கு அடக்கம். போன வருசம் சபைப் பெண்கள் ஆண்டுவிழாவுக்கு ஒரு போர்டு அடிச்சியள்லா? அதுக்கு இங்க வச்சுதான் அம்மைய படம் எடுத்தது. அந்தப் படம் வேணும்."

"வீட்டுல வேற படம் இல்லியா?"

"ஆதாருல உள்ளதுதான் உண்டு. அதுல பாத்தா களவாணியப் பிடிச்சு நிறுத்தின மாதிரி இருக்கும். அம்மை அதப் பாத்து, இது ஆருட்டின்னு எங்கிட்டயே கேட்டாவ."

"அந்த ஆண்டுவிழா போர்டு எங்க?"

"ஆட்டுக்கூட்டுக்கு மேல கெடக்கு. வெயிலு பட்டு எல்லா முகமும் வெளுத்துப் போச்சு."

ஃபோல்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. அந்த இடத்தைக் காணவில்லை என்று எழுதி வந்தது. மறுபடியும் தட்டினேன். அதே எழுத்து. குனிந்து பார்த்தால் பெட்டியில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது. உள்ளே அந்த அம்மாவின் முகம் இருக்கிறது. என் முழங்காலுக்கு எட்டுகிற தூரம், ஆனால் எடுக்க வழியில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "எலே, கெடைக்கல்லன்னா ஆதாருல உள்ளதப் போட்டு அடி. அடக்கத்துக்குப் பிந்தி போர்டு போய் என்னத்துக்கு?"

அந்தப் பெண் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

நான் கூட்டுக்காரனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவன் கேட்டான்: "மக்கா, அங்க இடி வெட்டிச்சா?"

கடலுக்கு அந்தப்புறம் மணல்காட்டில் இருக்கிறவன், இங்கே நேற்று இடித்த இடியைக் கேட்கிறான்!

"வெட்டிச்சு. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வயரெல்லாம் உருவியிருப்ப. திரும்பி மாட்டும்போ எத முதல்ல மாட்டின?"

"ஃபோட்டோ அடிக்கிற கலர் பிரிண்டரத்தான் போலிருக்கு."

"அதாக்கும் காரியம். நான் இருந்தப்ப எப்பிடி மாட்டுவேன், ஓர்மை உண்டா?"

அவன் இன்டர்நெட் பெட்டியை மாட்டுவான். அடுத்ததாக அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டுவான். பிறகு சாயா குடிக்கப் போய்விடுவான். வந்துதான் மற்றதை மாட்டுவான். மடியன் என்று முதலாளி அவனை ஏசாத நாள் கிடையாது.

விஷயம் இதுதான், பிள்ளைகளே. இன்டர்நெட் பெட்டி, முழித்து வருகிற ஒவ்வொன்றுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் கொடுக்குமாம். வயரை உருவினால் கொடுத்ததை எல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலில் வருகிறவருக்கு முதல் நம்பர். கறுப்புப் பெட்டியின் நம்பரை அன்று பிரிண்டர் பிடித்துக்கொண்டது. என் ஃபோல்டரோ பழைய வீட்டு வாசலிலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தது. அவன் சாயா குடித்த நேரமெல்லாம், அந்தப் பெட்டி தன் இடத்தில் முதலில் உட்காரட்டும் என்று விட்ட நேரம்.

"இப்ப என்ன செய்ய?"

"பிரிண்டரும் மத்த கம்ப்யூட்டரும் எடுத்தத விட்டுட்டு ஒவ்வொரு நம்பரா விளிச்சுப் பாரு. எங்கயாவது இருக்கும்."

அவன் சொல்லச் சொல்ல, என் திரையில் கறுப்பாக ஒரு சதுரத்தைத் திறந்து நம்பரை அடித்தேன். பதில் இல்லை. அடுத்த நம்பர். பதில் இல்லை. அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "ஆர அண்ணா விளிக்கிய?" என்று மெதுவாகக் கேட்டாள். அடுத்த நம்பரை அடித்தேன்.

பதில் வந்தது. வரி வரியாக, பதில், பதில், பதில். கண்ணில்லை, வாயில்லை, மேசைக்கடியில் தூசி பிடித்துக் கிடக்கிற இரும்புப் பெட்டி, விளித்ததும் இங்கே இருக்கிறேன் என்று சொல்கிறது. ஜெபத்தில் நிற்பதுபோல் ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டேன்.

"மக்கா, உண்டுமா?" என்று போனில் அவன் கத்தினான்.

அந்த நம்பரைப் போட்டதும் ஃபோல்டர் திறந்தது. ஆண்டுவிழாப் படங்களில் தேடி அந்த அம்மாவைத் திறந்தேன். வாய் நிறையச் சிரிப்பு. மேல்பல் ஒன்று இல்லாதது தெரிகிறது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மை இப்பிடிச் சிரிக்க மாட்டாவளே. ஆரு சிரிக்க வச்சது?"

அன்று படம் எடுத்தவன் கூட்டுக்காரன்தான்; போனில் அவனுக்கு அது கேட்டுவிட்டது. "முறைச்சிட்டே நின்ன அம்மச்சியா? ஒங்க முழியக் கண்டா கேமரா பேடிச்சு ஓடீரும்னு சொன்னேன். அப்ப சிரிச்சாவ," என்றான். பிறகு அவனுக்கும் குரல் தணிந்துவிட்டது.

அவசரமாக டிசைன் செய்து போர்டு அடிக்கிற மெஷினுக்கு அனுப்பினேன். முடி வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. அப்போது பார்த்து மலைப்பக்கம் முழங்கியது. முதலாளி பழக்கப்படி எழுந்து ஓடி வந்து மெஷின் பிளக்கைப் பிடித்தார். அந்த மெஷின் அவருடைய வீட்டை அடகு வைத்து வாங்கியது.

முகம் பாதிதான் வந்திருந்தது. அடுத்த இடி கடைக்கு மேலேயே வெட்டியது போலிருந்தது.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கை பிளக்கிலேயே இருந்தது, ஆனால் உருவவில்லை. "வரட்டும்டே," என்றார்.

மூக்கு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு, இல்லாத பல்லோடு. கடைசி வரியும் விழுந்த பிறகுதான் அவர் பிளக்கை உருவினார். மேகம் மூடி இருட்டிப்போன கடையில் மூன்று பேரும் ஈரம் காயாத அந்த முகத்தைச் சுற்றி நின்றோம். மகள் அதைத் தொடப் போய், மை அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.