காட்டத் தாமதித்த படம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பிசான நெல் அறுப்பு முடிந்த சமயம். ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மேலச்செவலுக்குப் போகும் கால்வாய்க் கரைச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். இடுப்புப் பையில், வாங்கி நான்கே நாளான கேமரா.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் நாற்பத்தைந்து வயதில் சைக்கிளைப் பிடித்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக வேண்டும். ஆகவே சனிக்கிழமைதான் நமக்கு ஊர்வலம். வழியில் வயலையும் கொக்கையும் பார்த்துவிட்டுச் சும்மா வரத் தெரியாது. முதலில் செல்போனில்தான் எடுத்தேன். வியர்த்த கையில் அது வழுக்கி, முன்னீர்பள்ளம் பக்கத்தில் தார்ச் சாலையில் குப்புற விழுந்து நொறுங்கியது. பள்ளிக்கூடம், பாங்க், சொந்தபந்தம் எல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தன. இனிமேல் படத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு மாதம் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கூட வேலை பார்க்கும் டீச்சரின் பெரிய கேமராவை இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிச் சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன். குனிந்தால் ஹேண்டில்பாரில் இடித்தது, நிமிர்ந்தால் நெஞ்சில் இடித்தது. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை வாங்கினேன். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறு உண்டு, ஒற்றைக் கையாலேயே திறந்து அமுக்கலாம், தூரத்துக் கொக்கையும் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும்.

கடைக்கார அண்ணாச்சி, "பொஸ்தகத்த ஒருக்கா படிச்சிருங்க டீச்சர், நெறைய பட்டன் இருக்கு" என்றார். நன்றாகத் தலையாட்டினேன். கேள்வித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டு எழுதுங்கள் என்று இருபது வருடமாகத் தொண்டை வறளக் கத்துகிற நான், அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆட்டோ என்று ஒன்று இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்.

அன்றைக்குச் சாலை ஓரத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று கிளம்பி நின்றது. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தின்ன, ஊர் ஊராக ஓட்டி வருவார்களே, அந்த வாத்துகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். முன்னால் ஒருவர் நீளக் கம்போடு நடந்தார், அவர் மனைவி பின்னால் வந்தார். வாத்துகள் பேசிக்கொண்டே சாலையைக் கடக்கத் தொடங்கின. நான் ஒரு காலை ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே கேமராவைத் தூக்கினேன்.

பளீரென்று வெளிச்சம் அடித்தது. மங்கலாக இருந்தால் ஃபிளாஷ் தானாகவே எரியும் என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரியும். ஓரத்தில் நின்ற சில வாத்துகள் கரையை விட்டு இறங்கி ஓடின. பதறிப்போய் விரல் மறுபடியும் அமுங்க, இன்னொரு வெளிச்சம். அவ்வளவுதான், கூட்டம் வெடித்துச் சிதறியது. வயலுக்குள் கொஞ்சம், கால்வாய்க்குள் கொஞ்சம் என்று ஒரே கத்தல். சரியாக அதே நேரம் எதிரே ஒரு வேன் விளக்கைப் போட்டபடி கடந்து போனது.

"லைட்ட அடிச்சு வெரட்டிட்டுப் போறான் பாரு, வெளங்குவானா!" என்று அந்தப் பெண் வேனைப் பார்த்துக் கத்தினார்.

நான் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அதோடு நிற்காமல், சைக்கிளைச் சாய்த்துவிட்டு உதவி செய்யவும் இறங்கினேன். அந்தப் பெண் என்னை வாயார வாழ்த்தினார். அந்த வாழ்த்து இன்றைக்கும் கூசுகிறது.

கணவர் வாயைக் குவித்து ஒரு மாதிரிக் குரல் கொடுக்க, வாத்துகள் பைய வந்து சேர்ந்தன. அவர் எண்ணவில்லை, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஏட்டி, ஒரு பத்தி கொறையுது, ஒரு வரிசையே காணும். தண்ணியோட கீழ போயிருக்கும். நாய் கண்ணுல படுததுக்குள்ள பிடிக்கணும்" என்றார். இருவரும் கால்வாய் ஓரமாக ஓடினார்கள்.

நான் திரும்பி நின்று, திருட்டுத்தனமாகக் கேமராவைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது படத்தின் ஓரத்தில், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தின் வாய் தெரிந்தது. அந்த இருட்டுக்குள் பொட்டுப் பொட்டாகக் கண்கள் மின்னின. வாத்துகள் தண்ணீரோடு போகவில்லை. பாலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் போயிருக்கின்றன.

படத்தைக் காட்டினால் வெளிச்சம் யாருடையது என்பதும் தெரிந்துவிடும். அதனால் பின்னாலேயே ஓடி, "இந்தப் பாலத்துக்குள்ள பாத்தா என்ன?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"தண்ணி கெடக்கும்போது வாத்து இருட்டுக்குள்ள போவாதுக்கா" என்றார் கணவர். நாள் முழுக்க வாத்தோடு கிடக்கிறவர் சொல்வதை நான் எப்படி மறுப்பது? படம் ஒன்றுதான் மறுக்கும். அது என் இடுப்பில் இருந்தது. கரை நெடுக அவர்களோடு நானும் தேடினேன், இல்லாத இடம் என்று தெரிந்தே தேடினேன். அரைமணி நேரம் ஓடிவிட்டது. அந்தப் பெண் முட்டளவு சேற்றில் நின்று, குரல் கம்மக் கம்மக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேமராவை எடுத்து நீட்டி, "வேன் இல்லம்மா, நாந்தான்" என்றேன்.

படத்தைப் பார்த்த மறுநிமிடம் கணவர் சாலையைத் தாண்டி ஓடினார். மறுபக்கம் வாழைத் தோப்பு. இரண்டு நாய்கள் அவரைக் கண்டதும் விலகி ஓடின. வாத்துகள் ஒரு மூலையில் ஒண்டி நின்றன. வாழை மூட்டில் ஈர இறகுகள் சிதறிக் கிடந்தன. மூன்று போய்விட்டன.

மூன்றுக்கும் என்ன விலை சொல்லுங்கள் என்று வாயெடுத்தேன். கணவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கேமராவை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்து, "படம் நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் மட்டும் இறகுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"இத மொதல்லயே காட்டிருக்கலாம்லா யக்கா?"

திட்டவில்லை, வாழ்த்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தின் உறையைப் பிரித்து, முதல் வேலையாக ஃபிளாஷை அணைத்து வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள், எத்தனையோ நல்ல படங்கள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுகிறேன். அந்த இரண்டாவது படத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல், அழிக்கவும் செய்யாமல் வைத்திருக்கிறேன். என்னால் ஒரு தவறு நடந்து வாய் திறக்கத் தயங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் என் ஃபிளாஷ் அந்த வாத்துகளை விரட்டத்தான் செய்தது, மூன்றைக் கொன்றது நான் பேசாமல் இருந்த அரைமணி நேரம்.