மாசியில் மொட்டையாக நிற்கும் கொன்றை

எங்கள் தேவகோட்டை வீட்டுப் பின்கட்டில் ஒரு சரக்கொன்றை நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் கல்லூரியில் தாவரவியல் எடுத்தேன் என்றால் மிகை. ஆனால் பூவைப் பிரித்துப் பார்க்கக் கற்றது அதில்தான். ஐந்து மஞ்சள் இதழ். பத்து மகரந்தத் தாள், அதில் மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். முழ நீளக் காயைப் பிளந்தால் தட்டுத் தட்டாக அறைகள். அறைக்கொரு விதை, விரலில் ஒட்டும் கறுப்புச் சதை. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும்.

வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி. பொதுச்சொத்தில் கைவைக்க எல்லாப் புள்ளியும் சம்மதிக்க வேண்டும். வெளியூர்ப் பங்காளிகள் வருவது முன்னோருக்குப் படைக்கும் மாசிப் படைப்புக்கு மட்டும். சிக்கலே அதுதான். கொன்றை இலை உதிர்க்கிற நேரம் அது. குச்சியும் கறுத்த காயுமாக நிற்கும். பூக்கிற சித்திரையில் அவர்கள் யாரும் இங்கே இருப்பதில்லை.

போன வருஷம் படைப்புக்கு மறுநாள், சென்னைப் பெரியப்பா மரத்தைச் சுற்றி வந்து, பட்டுப்போய்விட்டது, வெட்டிவிட்டால் கார் நிறுத்தலாம் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சும்மா இருப்பேனா? நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டினேன். சிவனுக்குப் பூ, தோல் பதனிடப் பட்டை, மலச்சிக்கலுக்குக் காயின் சதை என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன்.

"பரீட்சை முடிஞ்சிருச்சா ஆத்தா?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கி இருந்தது என் அப்பச்சியின் சம்மதம்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. மரம் போயிற்று என்றே நினைத்தேன்.

"என் புள்ளிக்குச் சம்மதம் இல்லண்ணே," என்றார் அப்பச்சி, துண்டை மடித்தபடியே.

"ஏன்டா, இந்தக் காஞ்ச கட்டைக்கா?"

"முந்தாநாள் வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து இறங்குனீக. இந்த மரத்துக் காயிலதான் உங்க தம்பி பொண்டாட்டி கசாயம் வச்சுக் குடுத்தா. இன்னைக்கு வயிறு லேசாகி இங்குட்டும் அங்குட்டும் நடக்குறீக. அந்தத் தெம்புலதான் மரத்த வெட்டச் சொல்றீக."

முதலில் சிரித்தது பெரியம்மா. பெரியப்பா சிரிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறினார். ஞாயிறுதோறும் வருகிற அவருடைய போன் நின்றுபோனது. அப்பச்சி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். உன்னால்தான் என்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சித்திரையில் பூத்தது. ஓர் இலைகூடத் தெரியாமல், சரம் சரமாக. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யார் யாரோ இதயம் போட்டார்கள். பெரியப்பா ஒன்றும் போடவில்லை. மறுவாரம் ஆளே வந்து நின்றார். மரத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், பின்கட்டில் உட்கார நாற்காலி கேட்டார். அப்பச்சி இரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது. காபி போட்டு எடுத்துப் போனேன். அண்ணனும் தம்பியும் திருச்சி பைபாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வழுக்கையிலும் மஞ்சள் இதழ்.